மாற்றாள் கதையும் மலைநாட்டு மக்களும்: ஊவாத் தோட்டப்புறத்திலிருந்து ஒரு நோக்கு

வதந்தியைக் கல்வியறிவற்றோரின் நோய் எனக் கொள்ளும் மனப்பாங்கு எமது கற்றோரிடையே நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. தோட்டத்து லயத்திலே பேசப்படுவது வதந்தி. பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்திலே பேசப்படுவது கருத்து. இப்பிரிவினை எத்துணைப் பொய்யானது என்பதற்கு வேறெங்கும் சான்று தேடவேண்டியதில்லை. கடந்த நூற்றாண்டில் உலகெங்கும் பரவிய மரண வதந்திகளுள் மிகப் பெயர் பெற்றதொன்று பல்கலைக்கழகங்களிலே, அதுவும் மாணவர் ஏடுகளிலே, உருப்பெற்றது. பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் ஏட்டில் எழுதும் நாம் இதனைச் சற்று நாணத்துடனேயே குறிப்பிட வேண்டியுள்ளது.

இங்கிலாந்தின் பீற்றில்ஸ் இசைக்குழுவினருள் ஒருவரான போல் மக்கார்ட்னி 1966 நவம்பரில் மோட்டார் வாகன விபத்தொன்றில் இறந்துவிட்டார் என்பதும், அவ்விறப்பை மறைத்து அவரைப் போன்ற தோற்றமுடைய ஒருவரை ஏனைய மூவரும் அவரிடத்தில் அமர்த்திக்கொண்டனர் என்பதுமே அவ்வதந்தியின் சாரம். 1969 செப்டெம்பர் 17ஆம் நாள் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டிரேக் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகை, போல் இறந்துவிட்டாரா என வினவும் கட்டுரையொன்றை வெளியிட்டது. ஒக்டோபர் 12ஆம் நாள் டெற்றோயிற் நகர வானொலி நிலையமொன்றுக்குத் தொலைபேசியில் அழைத்த நேயர் ஒருவர் அதே கதையை ஒலிபரப்பிலே கூறினார். இரண்டு நாட்களின் பின், மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர் நாளேட்டில் பிரெட் லபூர் என்ற மாணவர், குழுவின் புதிய இசைத்தட்டான 'அபி ரோட்' பற்றிய மதிப்புரை என்ற பெயரில், மரணச் சான்றுகளின் பட்டியலொன்றையே எழுதிவிட்டார். மாற்றாளுக்கு ஒரு பெயர் வேண்டுமல்லவா? வில்லியம் கம்பெல் என்ற பெயரையும் அவரே சூட்டினார். பலவற்றைத் தாமே புனைந்ததாகப் பின்னர் அவர் ஒப்புக்கொண்டார். எனினும் அதற்குள் கம்பெல் பலருக்கு மெய்யான மனிதராகிவிட்டார்.

சான்றுகள் எனப்பட்டவை எத்தகையன? அவ்விசைத்தட்டின் அட்டையில் நால்வரும் வீதியொன்றைக் கடக்கின்றனர். வெள்ளை உடையணிந்த ஜோன் லெனன் மதகுரு, கறுப்பு உடையிலுள்ள றிங்கோ ஸ்ரார் பிரேத ஊர்வலம் நடத்துபவர், முரட்டுத் துணியணிந்த ஜோர்ஜ் ஹரிசன் குழிவெட்டுபவர், வெறுங்காலுடன் நடக்கும் போல் பிணம் என வியாக்கியானம் செய்யப்பட்டது. வீதியோரத்தில் நின்ற காரொன்றின் இலக்கத் தகட்டிலே 28 என்ற எண் காணப்படுகின்றது. உயிருடன் இருந்திருந்தால் அவருக்கு 28 வயது என்பது அதன் பொருளாம். 1942 யூன் 18இல் பிறந்தவருக்கு அப்போது 27 வயதே ஆகியிருந்தது. அதற்கும் சமாதானம் கிடைத்தது. கருவிலிருந்த காலத்தையும் ஓராண்டாகக் கணிப்பது இந்திய ஞானிகளின் முறையாம்! எம்மவரின் கணக்கும் இவ்வாறு உதவிக்கு அழைக்கப்பட்டமை நகைப்பிற்குரியது.

வெறுங்கால் பற்றி ஒரு வார்த்தை. ஊவாவின் தோட்டங்களிலே, பசறையிலும் நமுனுகுலையிலும் ஹப்புத்தளைச் சரிவுகளிலும், பல தலைமுறையாகப் பெண்கள் வெறுங்காலுடனேயே கொழுந்து பறித்து வந்துள்ளனர். அட்டை கடித்த பாதத்துக்கு இங்கு ஒரே பொருள்தான் உண்டு; அது கூலியின் அளவைக் குறிக்கும். வெள்ளை உடையும் எமக்கு மதகுருவை நினைவூட்டுவதிலும் விதவையையே முதலில் நினைவூட்டும். சான்று என்பது பொருளிற் கிடப்பதன்று, பார்ப்பவனின் சமூக அனுபவத்திற் கிடப்பது என்பதை இதனினும் எளிதாக விளக்க இயலாது.

மறுப்பும் பயன்படவில்லை. ஸ்கொட்லாந்திலுள்ள தமது பண்ணையிலே குடும்பத்தவருடன் இருந்த போலைத் தேடிச் சென்ற 'லைஃப்' சஞ்சிகை 1969 நவம்பர் 7ஆம் திகதிய இதழின் அட்டையில் அவரது படத்தையே வெளியிட்டது. அவ்வட்டையின் மறுபக்கத்தில் கார் விளம்பரமொன்று இருந்தது. தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் காரின் உருவம் போலின் உடலுக்குக் குறுக்கே தோன்றுகின்றதென்று சிலர் கண்டுபிடித்தனர். மறுப்பே இவ்வாறு மேலுமொரு சான்றாயிற்று. ஒன்று மட்டும் தெளிவு: இக்கட்டத்தில் உண்மையை அறியும் நோக்கம் அறவே மறைந்து தேடுவதன் இன்பமே எஞ்சிநின்றது.

இதனை வெறும் பைத்தியக்காரத்தனம் எனத் தள்ளுவதும் பிழையாகும். வியட்நாமிலே போர் நடந்துகொண்டிருந்தது. அரசின் அன்றாட அறிக்கைகளுக்கும் அங்கிருந்து வந்த படங்களுக்குமிடையே ஒற்றுமை இருக்கவில்லை. ஜனாதிபதி கென்னடியின் கொலை பற்றிய 1964ஆம் ஆண்டின் உத்தியோகபூர்வ அறிக்கையையும் பலர் நம்ப மறுத்தனர். 1966 ஓகஸ்டுக்குப் பின்னர் பீற்றில்ஸ் குழுவினர் இரசிகர் முன் தோன்றிக் கச்சேரி செய்வதை நிறுத்திக்கொண்டனர். அதன்பின் இரசிகருக்குக் கிட்டியவை தட்டும் அட்டையும் மட்டுமே. மனிதன் மறைந்து பண்டம் மட்டும் எஞ்சியபோது, பண்டத்தைப் புரட்டிப் புரட்டி மனிதனைத் தேடினர். உண்மையிலேயே எவரோ அவர்களிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டிருந்தார். அவ்வுணர்வு பொய்யன்று, அதற்குக் கற்பிக்கப்பட்ட காரணமே பொய்.

தமிழர் மரபிலே இத்தகைய விவாதத்துக்கு ஓர் அரங்கமே உண்டு. சிவனின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று தஞ்சைப் பகுதி லாவணிக் கலைஞர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரு பிரிவாக நின்று விடியவிடியப் பாடுவர். எதிர்க்கட்சியின் சான்றை மடக்குவதிலேயே கலைஞனின் திறமை தங்கியுள்ளது. அதே மன்மதனின் கதை மலைநாட்டுத் தோட்டங்களிலே மாசி மாதத்திற் காமன் கூத்தாக நடைபெறுகின்றது. காமன் எரிகின்றான், இரதி புலம்புகின்றாள், அவன் மீள எழுகின்றான். இறப்பும் ஐயமும் மீட்சியும் ஊர் முழுவதும் பார்க்க நடத்தப்படுகின்றன. காமனாக வேடமிட்டிருப்பவர் அடுத்த லயத்து இளைஞர் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆள் வேறு, வேடம் வேறு என்ற அறிவு அக்கூத்தின் அடிப்படை. மிச்சிகன் மாணவரின் விளையாட்டிலே இல்லாதிருந்ததும் இவ்வறிவே.

இனி எமது மக்களின் அனுபவத்துக்கு வருவோம். தோட்டத்தில் மரணம் எவ்வாறு அறிவிக்கப்படுகின்றது? தப்பு முழங்கும், அடுத்த தோட்டங்களிலுள்ள உறவினருக்கு ஆள் அனுப்பி இழவு சொல்லப்படும், பெண்கள் வந்து ஒப்பாரி வைப்பர். கண்டோரும் தொட்டோரும் தூக்கிச் சென்றோரும் உளர். ஆகவே லயத்தின் எல்லைக்குள் இரகசிய மரணம் என்ற ஒன்று ஏறக்குறைய இயலாதது. அவ்வெல்லைக்கு அப்பாலிருந்து வந்த செய்தியோ முற்றிலும் வேறானது. பெரட்டுக் களத்திலும் பீலிக்கரையிலும் பேசப்பட்ட வெளியுலகச் செய்தி துரையின் ஆப்பிசு வழியாகவோ, இந்தியாவிலிருந்து வந்த கடிதம் வழியாகவோ, வானொலி வழியாகவோ வந்தது. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியதோ 1979இலேதான். இடைப்பட்ட காலத்தின் பிற்பகுதியில் மலைநாட்டுத் தமிழருக்குக் கலை என்பது பெரும்பாலும் உடலற்ற குரலாகவே, இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை வாயிலாக, வந்து சேர்ந்தது.

அக்குரல்களினூடாக இம்மக்களின் நெஞ்சில் இடம்பெற்றவர்களுள் எம். ஜி. இராமச்சந்திரன் முதன்மையானவர். அவர் இசைஞர் அல்லர், நடிகர். ஆனால் அவர் பெயரால் அறியப்பட்ட பாடல்களே அவரைத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தன. 1917 ஜனவரி 17இல் அவர் பிறந்தது இம்மலைநாட்டின் நாவலப்பிட்டியில் என்பதும் அவரை எம்மவராகக் கொள்ளக் காரணமாயிற்று. இரகசிய மரணம், மாற்றாள் என்ற இரண்டையும் ஆராய்வதற்குத் தமிழுலகில் அவரைவிடப் பொருத்தமானவர் இலர்.

1967 ஜனவரி 12ஆம் நாள் நடிகர் எம். ஆர். ராதா அவரைச் சுட்டார். குண்டு கழுத்திற் பாய்ந்தது. கழுத்திற் கட்டுடன் அவர் இருக்கும் படம் அடுத்த மாதத் தேர்தலிற் சுவரொட்டியாயிற்று. பரங்கிமலைத் தொகுதியில் அவர் வென்றார். உயிர் பிழைத்தாரெனினும் அவரது குரல் முன்போல் இருக்கவில்லை. அவ்வாண்டு வெளியான 'காவல்காரன்' படத்திலே அம்மாற்றத்தை எவரும் கேட்கலாம். இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டும். போல் மக்கார்ட்னியின் குரல் மாறவில்லை. ஆயினும் ஆளே மாறிவிட்டார் என்றனர். எம். ஜி. ஆரின் குரல் மெய்யாகவே மாறியது; ஆயினும் ஆள் மாறிவிட்டாரென்ற கதை வேரூன்றவில்லை. சான்றுகளின் வலிமையே வதந்தியைத் தீர்மானிப்பதாயின் இது தலைகீழாக நடந்திருத்தல் வேண்டும்.

காரணம் யாது? குரலும் உடலும் ஒருவருக்கே உரியனவாக இருத்தல் வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தமிழ்த் திரைப்பட இரசிகரிடம் இருக்கவில்லை என்பது எமது கருத்து. எம். ஜி. ஆர். வாயசைக்க, சீர்காழி கோவிந்தராஜனும் டி. எம். சௌந்தரராஜனும் பின்னாளில் ஜேசுதாசும் எஸ். பி. பாலசுப்பிரமணியமும் பாடினர். வானொலி அறிவிப்பாளர் படத்தின் பெயருடன் பாடியவரின் பெயரையும் சொல்லியே பாடலை ஒலிக்கச் செய்தார். பதிலாள் இங்கு இரகசியமன்று. பாடல்தோறும் பெயர் கூறி அறிவிக்கப்பட்டவர். அவ்வறிவு இரசிகரின் அன்பைச் சிறிதும் குறைக்கவில்லை. மேனாட்டு இளைஞரோ தாமே எழுதித் தாமே பாடும் கலைஞனின் 'உண்மைத் தன்மை'யை விலைக்கு வாங்கியோர். உண்மைத் தன்மை விற்பனைக்கு வந்த சந்தையிலேதான் போலி பற்றிய அச்சமும் பிறக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதனை நாம் மிக முக்கியமானதெனக் கருதுகின்றோம். 1958இல் எம். ஜி. ஆரே இயக்கி வெளியிட்ட 'நாடோடி மன்னன்' மாற்றாள் கதையே. மன்னனைப் போன்ற தோற்றமுடைய சாமானியன் ஒருவன், மன்னன் சிறைப்பட்டவிடத்து அரியணையில் அமர்ந்து ஏழைகளுக்கான சட்டங்களை இயற்றுகின்றான். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) அஞ்சி ஒடுங்கிய சகோதரனின் இடத்துக்கு அஞ்சாத சகோதரன் வந்து கொடுமை செய்த சகோதரியின் கணவனைத் தண்டிக்கின்றான். 'குடியிருந்த கோயி'லிலும் (1968) ஒருவனுக்குப் பதில் மற்றவன் செல்கின்றான். மாற்றாள் வருவது இழப்பாக அன்றி நீதியின் வருகையாகவே இவற்றிற் காட்டப்பட்டது. பதுளைத் திரையரங்கிலே சம்பள நாளுக்குப் பின் இப்படங்களைக் கண்ட தொழிலாளி, துரையின் நாற்காலியில் ஒரு நாள் வேறொருவன் அமர்ந்தால் என்னவாகும் என எண்ணிப் பார்க்காதிருந்திருப்பானா? இது கனவுதான், சங்கம் அமைத்துப் போராடுவதற்கு ஈடாகாத கனவு. அதனை முற்போக்கு விமரிசகர் சாடியமையும் நியாயமே. ஆனால் அக்கனவு எங்கிருந்து வந்ததென அவர்கள் போதியளவு கேட்கவில்லை.

மரண வதந்தி எம். ஜி. ஆரைப் பிற்காலத்திலே தொடரவே செய்தது. 1984 ஒக்டோபரில் நோயுற்றுச் சென்னையில் மருத்துவமனை புகுந்த அவர், நவம்பரில் நியூயோர்க்குக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பர் 24இல் தேர்தல். அவர் இறந்துவிட்டார், இறப்பு மறைக்கப்படுகின்றது என்ற பேச்சு எழுந்தது. மருத்துவமனையில் அவர் இருப்பதைக் காட்டும் வீடியோப் படமொன்றை அவரது கட்சியினர் ஊரூராகத் திரையிட்டனர். நேரில் வராமலே ஆண்டிப்பட்டித் தொகுதியில் வென்று, 1985 பெப்ரவரியில் அவர் நாடு திரும்பினார். 'லைஃப்' அட்டையால் இயலாததை இப்படம் செய்து முடித்தமைக்குக் காரணம் படத்தின் தரமன்று. கண்டோர் அவர் உயிருடன் இருப்பதை வேண்டி நின்றனர். 2016இல் அவரது அரசியல் வாரிசான ஜெயலலிதா செப்டெம்பர் 22 முதல் டிசம்பர் 5இல் இறக்கும்வரை மருத்துவமனையில் இருந்த காலத்தில் ஒரு படமேனும் வெளியிடப்படவில்லை. அவர் மரணம் பற்றி விசாரணை ஆணையமே அமைக்கும் அளவுக்கு ஐயம் வளர்ந்தது. மறைத்தவர்களே ஐயத்தை வளர்த்தனர் என்று கூறுவதில் எமக்குத் தயக்கமில்லை.

1984ஆம் ஆண்டு ஊவா மக்களுக்கு வேறொரு காரணத்தாலும் மறக்கவொண்ணாதது. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் மக்களை இந்தியாவுக்கு ஏற்றிச் சென்ற தலைமன்னார்க் கப்பற் சேவை அவ்வாண்டிலேயே நின்றது. அக்கரையிற் பாதிக் குடும்பம், இக்கரையிற் பாதிக் குடும்பம். தலைவர் உயிருடன் உள்ளாரா என்ற வினாவுக்கு முன்னர், தமக்கை உயிருடன் உள்ளாளா என்ற வினா இருந்தது. அதற்கு வீடியோப் படம் எடுப்பார் எவருமிலர்.

அதற்கு முந்திய ஆண்டிலே, 1983 யூலை 27இல், பதுளை நகரில் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. இரண்டு நாட்களின் பின், கொழும்புக்குப் புலிகள் வந்துவிட்டனர் என்ற வதந்தி தலைநகரிலே புதிய கொலைகளுக்கு வழிவகுத்தது. அக்கொடுமைகளை வதந்தி மட்டுமே விளைவித்ததெனக் கூறுவோர், ஒழுங்கமைத்தோரைத் தப்பவிடுகின்றனர் என்பதையும் இங்கே கூறிவைத்தல் வேண்டும். 2011 ஓகஸ்டில் 'கிறீஸ் பூதம்' என்றும் 'மர்ம மனிதன்' என்றும் பேசப்பட்ட பீதி மலைநாடெங்கும் பரவியபோது, ஹப்புத்தளைப் பகுதியிற் சந்தேகத்தின் பேரில் இருவர் கொல்லப்பட்டனர். இம்முறை அஞ்சியோர் தோட்ட மக்கள். யாரென்று அறியாத ஓர் ஆளை, அவன் கூறும் பெயருக்கு உரியவனல்லன் என முடிவு செய்வது எத்துணை எளிது! பீற்றில்ஸ் இரசிகரின் விளையாட்டுக்கும் இதற்கும் இடையிலுள்ள தூரம் நாம் நினைப்பதிலும் குறைவு.

நீ கூறும் ஆள் நீதானா என்ற கேள்வியை மலைநாட்டுத் தமிழரிடம் முதன்முதலிற் பெருமளவிற் கேட்டது வதந்தியன்று, அரசு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. 1964 வரையில் உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. இத்தனை ஆண்டு இங்கு வாழ்ந்த இராமசாமி இவர்தான் என்பதைத் தாளிலே காட்ட வேண்டியிருந்தது. அத்தாள்களை எழுதியோர் யாவர்? செக்ரோலில் ஒரு பெயரைக் கிளாக்கர் எழுதினார். பிறப்புப் பதிவில் வேறொரு விதமாகப் பதிவாளர் எழுதினார். தந்தையின் பெயர் ஓரிடத்தில் முன்னும் ஓரிடத்தில் பின்னும் வந்தது. ஒரே ஆள் தாளிலே மூவரானார். போல் மக்கார்ட்னிக்கு ஏற்பட்டதன் மறுதலை இது. அங்கு ஒரு பெயரின் பின்னே இருவர் உளர் என்றனர்; இங்கு இரு பெயர்களின் பின்னே ஒருவரே உளர் என்பதை நிறுவ வேண்டியிருந்தது. அவர் நிறுவாவிடினும் அவரது தட்டுகள் விற்பனையாயின. 1993இல் அதே வீதியை நாயுடன் கடக்கும் படத்தை அட்டையிலிட்டு, தாம் உயிருடன் உள்ளதாகப் பெயரிலேயே பகிடி செய்யவும் அவரால் இயன்றது. இராமசாமி நிறுவாவிடின் அவர் நாடற்றவர்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. எனினும் பெயர்ச் சிக்கல் சட்டத்தால் தீரவில்லை. அடையாள அட்டைக்கோ ஊழியர் சேமலாப நிதிக்கோ விண்ணப்பிக்கும் தொழிலாளி, இன்ன பெயரும் இன்ன பெயரும் தம்மையே குறிக்கும் எனச் சமாதான நீதவான் முன்னிலையிற் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுப்பதைப் பதுளையிலும் பண்டாரவளையிலும் காணலாம். அக்கடதாசிகளையும், 1975ஆம் ஆண்டுத் தேசியமயமாக்கலின் போதும் 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் முகாமைக்குக் கைமாறியபோதும் ஆப்பிசுகளில் இருந்த பழைய செக்ரோல் புத்தகங்களையும் ஒப்புநோக்கினால், ஒருவரின் பெயர் எந்தக் கையால், எந்த ஆண்டில் மாறிற்று என்பது புலப்படும். புத்தகங்கள் எங்கெங்கே எஞ்சியுள்ளன என்பதைத் தோட்டம் தோட்டமாகச் சென்று கேட்டறிதல் வேண்டும். தெமோதரையிலும் பசறையிலும் வீடுகளையுடைய மாணவர் எம்மிடையே உளர். அடுத்த விடுமுறையிலே அவர்கள் அதனைத் தொடங்கலாம்.